கள அனுபவம்

விண்ணப்பத்தின் நான்காம் பக்கத்தில் கேட்டிருந்தார்கள்:
கள அனுபவம், எத்தனை ஆண்டுகள்?
பதினேழு என்று போட்டேன்.
காக்குமா முகாமில், வேப்பமரங்களுக்கு அப்பால்,
ஒரே தகரக் கூரையின் கீழ் பதினேழு.
பிறகு அழித்தேன்.
அவர்கள் கேட்டது மேசைக்கு அந்தப் பக்கத்து அனுபவம்.
இல்லை என்று எழுதினேன்.

நேர்காணலில் இணையம் இரண்டு முறை அறுந்தது.
"நெருக்கடியில் உங்களால் நிதானமாக இருக்க முடியுமா?"
உறைந்த திரையில் ஒருவர் வாய் திறந்தபடி காத்திருந்தார்.
ஆறு மணிநேரம் வெயிலில் நின்று
சோளம் தீர்ந்துவிட்டது என்று கேட்டு
காலி மூட்டையை உதறி மடித்துக்கொண்டு
திரும்பி நடந்த அம்மா ஞாபகத்துக்கு வந்தாள்.
முடியும் என்றேன்.

வேலை, சாட் நாட்டின் கிழக்கோரம் அத்ரேயில்.
முதல் விமானம். சன்னலோரம் கேட்டு வாங்கிவிட்டுப்
பாதி ஆப்பிரிக்காவைத் தூங்கியே கடந்தேன்.
நிறுவனத்தின் நீல மேலங்கி எனக்கு இரண்டு அளவு பெரிது;
பதினொரு பாக்கெட், வைக்க ஒரு பேனா.
விருந்தினர் விடுதியில் எனக்கே எனக்கென்று ஒரு சாவி.
அன்றிரவு கதவை மூன்று முறை பூட்டித் திறந்தேன்.

காரிலிருந்து இறங்கியதும் பிள்ளைகள் ஓடிவந்து கத்தினார்கள்:
நசாரா! நசாரா!
எந்த வெள்ளைக்காரர் வருகிறார் என்று
பின்னால் திரும்பிப் பார்த்தேன்.
யாருமில்லை.
அந்தச் சந்தையிலேயே கறுத்தவள் நான்.
மொழிபெயர்க்க வந்த அஷ்தாவுக்குச் சிரித்து மாளவில்லை.
"இந்தக் காரில் வருகிற எல்லாருமே நசாராதான்."

மூன்றாம் நாள் கணக்கெடுப்பு.
தினைத் தட்டைக் குடிசைகள், ஒவ்வொன்றாக.
கையேட்டின் முப்பத்தொன்றாம் பக்கத்தை மடித்து வைத்திருந்தேன்:
ஒரே குழந்தையை இரு வீட்டில் எண்ணாதீர்.
கல்தூமா என்றொருத்தி ஆறு பிள்ளைகள் என்றாள்.
ஆறும் உயர வரிசையில் நின்றன.
கடைசிக்கு முந்தியவளிடம் பெயர் கேட்டேன்.
சொல்வதற்கு முன் அவள்
கல்தூமாவைப் பார்த்தாள். அரை நொடி.
சொந்தப் பெயரைச் சொல்ல
யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

எனக்கு அன்று கொடுத்த பெயர் ரெபேக்கா.
பக்கத்துக் குடிசைப் பையன் மலேரியாவில் போய்ப் பத்து நாள்.
அட்டையில் ஒரு வாய் குறைந்தால் மாதம் முழுக்கக் குறையும்.
அம்மா என் முடியை வேறு மாதிரி பின்னிவிட்டு
"போ" என்றாள்.
பெயரை வாய்க்குள் மென்றபடி நின்றேன்.
நீல மேலங்கிக்காரர் ஒருவர் என்னை நெடுநேரம் பார்த்தார்,
அப்புறம் குனிந்து ஏதோ எழுதினார்.
அந்த மாதம் அவர்களுக்குச் சோளம் குறையவில்லை.

ஆறு என்று எழுதினேன்.
அஷ்தா என் பேனாவைப் பார்த்தாள், பிறகு வானத்தை.

நல்லது செய்துவிட்ட நினைப்பு
பிற்பகல் மூன்று மணி வரை தாங்கியது.
அப்போதுதான் லாரி வந்தது. தலைக்கு ஒரு போர்வை.
வரிசை முடியும் முன்பே கட்டு முடிந்தது.
ஒன்று. ஒன்றே ஒன்று குறைந்தது.
கடைசியில் நின்றவர் இஸ்ஸாக்கா;
டோக்கனை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் காத்திருந்தார்.
லாரியின் அடியில், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால்,
இருக்காது என்று தெரிந்துகொண்டே தேடினேன்.
இங்கே இரவில் குளிரும்.
அவர் எதுவும் கேட்கவில்லை.
டோக்கனைப் பிரித்து எண் தெரியும்படி காட்டினார்,
நான் படிக்கத் தெரியாதவள் என்பதுபோல், பொறுமையாக.

அம்பாகிர் என்றேன். நாளைக்கு.
வந்த பிறகு நான் கற்ற மூன்றாவது சொல் அது.
எங்கள் முகாமில் அதையே கெஷோ என்பார்கள்.
உச்சரிப்பு சரியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.
அவர் தலையசைத்தார்,
டோக்கனை மறுபடியும்
அதே மடிப்பில் மடித்தார்.